பூட்டிய பள்ளியில் பாடம் நடப்பது எப்படி?

2020 மார்ச்சில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் கொரோனாவால் மூடப்பட்டபோது, மார்ச் 31 வரை விடுமுறை என்றுதான் அறிவிப்பு வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபடி வகுப்பறையில் உட்கார்ந்தது 2021 ஜனவரி 19இல். அதுவும் ஓர் அறைக்கு 25 பேர் என்ற கணக்கில். பத்து மாதம் கட்டடம் இல்லாமல் ஓர் உயர்நிலைப் பள்ளி எப்படி இயங்கும் என்பதை ஆசிரியர்கள் அப்போது செய்து பார்த்துத்தான் கற்றார்கள். பெருவெள்ளம், காற்று மாசு என்று பள்ளிகள் இன்றும் மூடப்படுகின்றன. 2024 நவம்பரில் டெல்லியில் மாசு காரணமாக வகுப்புகள் இணையத்துக்கு மாறின. எனவே இந்த ஏற்பாட்டின் உள்விவரம் பெற்றோருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் கணக்கெடுப்பு

பாடத்தை அனுப்புவதற்கு முன், அது யார் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று பள்ளிக்குத் தெரிய வேண்டும். இதை வகுப்பாசிரியர் செய்கிறார். பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு ஒவ்வொன்றாகப் பேசுகிறார். சேர்க்கையின்போது கொடுத்த எண் பல வீடுகளில் மாறியிருக்கும். சிலது சித்தப்பாவின் எண்ணாகவோ பக்கத்து வீட்டு எண்ணாகவோ இருக்கும்.

“வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த போன் யாருடையது, காலையில் வேலைக்குப் போகும்போது அப்பா எடுத்துப் போய்விடுவாரா, எத்தனை பிள்ளைகளுக்கு அந்த ஒரே போன், வீட்டுக்குள் சிக்னல் கிடைக்குமா, டிவி இருக்கிறதா என்றெல்லாம் கேட்க வேண்டும். 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் இணைய வசதி இருந்த குடும்பங்கள் நூற்றுக்குச் சுமார் 15தான். அரசுப் பள்ளி ஆசிரியர் போனில் கேட்ட பதில்களும் அந்த நிலையைத்தான் சொல்லின.

நான்கு வழிகள்

கணக்கெடுப்பு முடிந்ததும் பிள்ளைகள் நான்கு வகையாகப் பிரிவார்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு வழி வேண்டும்.

நேரலை வகுப்பு: பகலில் போனும் டேட்டாவும் உள்ளவர்களுக்கு. சந்தேகத்தை உடனே கேட்கலாம் என்பது இதன் பலம். ஆனால் ஒரு மணி நேர வீடியோ வகுப்பு பல நூறு எம்பியைத் தின்றுவிடும். ஒரு நாள் டேட்டாவில் பெரும்பகுதி அதற்கே சரி.

வாட்ஸ்அப் வழி: மாலையில்தான் போன் கைக்கு வரும் பிள்ளைகளுக்கு. ஐந்து நிமிடக் குரல் பதிவு ஓரிரு எம்பிக்குள் அடங்கும். கணக்கைத் தாளில் போட்டுப் படமெடுத்து, விளக்கத்தைக் குரலில் சொல்லி அனுப்பினால் நேரலையில் நடத்தியதில் பெரும்பகுதி போய்ச் சேரும்.

தொலைக்காட்சி: 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கொரோனா காலத்தில் வகுப்புவாரியாகப் பாடம் ஒளிபரப்பியது. எந்த வகுப்புக்கு எப்போது என்ற அட்டவணையைப் பள்ளி முன்கூட்டியே சொன்னால்தான் பயன். அன்று ஒளிபரப்பான பாடத்திலிருந்து பாட ஆசிரியர் நான்கு கேள்வி கேட்க வேண்டும். இல்லையென்றால் அது நாடகத்துக்கு முந்தைய நிகழ்ச்சியாகிவிடும்.

அச்சுத்தாள்: எதுவும் இல்லாத வீட்டுக்கு. பாடநூலும் பயிற்சித்தாளும்தான் அங்கே பள்ளி. இந்த வகைக்கு முன்னுரிமை தருகிற பள்ளிதான் நன்றாகத் திட்டமிடுகிறது; மற்ற மூன்று வகையினருக்கும் எப்படியோ பாடம் கிடைத்துவிடும்.

எட்டுப் பாடவேளை எடுபடாது

பள்ளி மணியடிக்கும் அட்டவணையை அப்படியே திரைக்கு மாற்றுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டி, 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட நான்கு நேரலை அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றது. ஒன்று முதல் எட்டு வரை இரண்டே அமர்வுகள்.

எனவே நேரலையில் எதை வைப்பது என்று தலைமையாசிரியரும் பாட ஆசிரியர்களும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கணக்கு, அறிவியல், ஆங்கில இலக்கணம் போன்றவற்றுக்கு ஆசிரியர் நேரில் விளக்குவது தேவை. சமூக அறிவியலில் பல பாடங்களை வாசித்துக் குறிப்பெடுக்கச் சொல்லலாம். பாடத்தின் அளவையும் குறைத்தாக வேண்டும். 2020-21இல் தமிழ்நாடு அரசே பாடத்திட்டத்தைக் குறைத்தது.

விடை திரும்பி வரவேண்டும்

பாடம் அனுப்புவதோடு பெரும்பாலான ஏற்பாடுகள் நின்றுவிடுகின்றன. பிள்ளை எழுதியது ஆசிரியர் கைக்கு வந்து, திருத்தப்பட்டு, மறுபடி பிள்ளையிடம் போகும்போதுதான் அது கல்வியாகிறது. இந்தத் திரும்பு பாதைதான் கடினம். ஒரு கணக்காசிரியருக்கு ஐந்து பிரிவு, பிரிவுக்கு 40 பேர் என்றால் ஒரே வீட்டுப்பாடத்துக்கு 200 படங்கள் அவர் போனில் வந்து குவியும். எல்லாவற்றையும் தினமும் திருத்த யாராலும் முடியாது.

நடைமுறையில் கைகொடுப்பது இதுதான்: ஒவ்வொரு நாளும் பிரிவுக்கு எட்டுப் பேரின் தாளை மட்டும் வரி வரியாகத் திருத்தி, பள்ளி நாட்கள் ஐந்தில் எல்லோரையும் ஒரு சுற்று முடிப்பது, மற்றவர்களுக்கு விடைக்குறிப்பை அனுப்பித் தாமே சரிபார்க்கச் சொல்வது. போன் இல்லாதவர்களின் தாள்களுக்கு ஒரு நாள் குறிக்க வேண்டும். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் பள்ளியில் வழங்கப்பட்ட நாளும், பாடநூல் கொடுத்த நாளும் இதற்கு வசதியாக இருந்தன. வாங்க வரும் பெற்றோர் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுப் புதிய தாளை வாங்கிப் போகலாம்.

வருகைப் பதிவையும் இதே அடிப்படையில் வைத்துக்கொள்வது நியாயம். இணைப்பில் பெயர் தெரிந்தது வருகை ஆகாது. அந்த வாரம் ஒரு தாளாவது வந்திருந்தால் வருகை. போன் இல்லாத பிள்ளைக்கும் அப்போதுதான் வருகைக் கணக்கு கிடைக்கும்.

மதிப்பெண் எங்கிருந்து வரும்?

2020 ஜூன் 9இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களிலிருந்து 80 விழுக்காடும், வருகையிலிருந்து 20 விழுக்காடும் எடுத்து மதிப்பெண் தரப்பட்டது. யாரும் பெரிதாக எண்ணாத பள்ளித் தேர்வுதான் கடைசியில் சான்றிதழில் ஏறியது. எனவே மூடல் காலத்திலும் சிறு தேர்வுகளை நடத்தி, மதிப்பெண்ணைத் தேதியோடு பதிந்துவைப்பது பள்ளியின் கடமை. விடைத்தாளைப் பெற்றோரும் பத்திரப்படுத்த வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பள்ளி மறுபடி மூடப்பட்டால் வகுப்பாசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளைக்கு எந்த வழியில் பாடம் வரும்? எழுதியதை எந்தக் கிழமை, யாரிடம் கொடுக்க வேண்டும்? இரண்டு வாரம் ஒரு தாளும் வராத பிள்ளையை யார் தேடிப் போவார்கள்?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் பள்ளியில் பெயரோடு ஒரு பதில் இருக்க வேண்டும்: இந்தத் தெருவுக்கு இந்த ஆசிரியர், இந்த ஊருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவின் இந்த உறுப்பினர் என்று. நீண்ட மூடலில் தாள் அனுப்பாத பிள்ளை பாடம் புரியாமல் தவிக்கலாம், வேலைக்கும் போயிருக்கலாம், பெண்பிள்ளையாக இருந்தால் கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருக்கலாம். போன் எடுக்காத வீட்டுக்கு நேரில் போனால்தான் எது என்று தெரியும். அந்தப் பெயர்ப் பட்டியலைப் பள்ளி மூடிய முதல் வாரத்திலேயே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.