பதினெட்டு இடங்களுக்காக இரண்டரை ஆண்டுகள்: தில்லி மாநகராட்சி நிலைக்குழுவின் கதை

புது தில்லி: 2024 ஏப்ரலில் புதிய கல்வியாண்டு தொடங்கியபோது தில்லி மாநகராட்சிப் பள்ளிகளில் படிக்கும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானோரிடம் பாடப் புத்தகமோ, நோட்டுப் புத்தகமோ இல்லை. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்கு வங்கிக் கணக்கு இல்லாததால் சீருடைக்கான பணத்தையும் செலுத்த இயலவில்லை. பொதுநல வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் காரணம் கேட்டபோது மாநகராட்சி ஆணையர் அளித்த பதில் விசித்திரமானது. 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் தமக்கு இல்லை. அந்த அதிகாரம் படைத்த நிலைக்குழுவோ அமைக்கப்படவே இல்லை என்பதே அந்தப் பதில்.

2024 ஏப்ரல் 29-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த 5 கோடி ரூபாய் வரம்பைப் பொருட்படுத்தாமல் தேவையான செலவைச் செய்யுமாறு ஆணையருக்கு உத்தரவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் ஒன்று இருக்க, அதன் கடமையை நிறைவேற்றும் அதிகாரத்தை நீதிமன்றம் ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்க நேர்ந்தது. நாட்டின் தலைநகரில் இந்த நிலை ஏற்பட்டதற்குப் பின்னால், பதினெட்டு பேர் கொண்ட ஒரு குழுவைப் பிடிப்பதற்கான போராட்டம் இருந்தது.

மேயரைவிட வலிமை மிக்க பதவி: 1957-ஆம் ஆண்டு தில்லி மாநகராட்சிச் சட்டத்தின்படி, மேயர் மாமன்றக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குபவர், நகரின் முதல் குடிமகன். பதவிக் காலம் ஓராண்டு மட்டுமே. முதலாண்டு பெண்ணுக்கும் மூன்றாம் ஆண்டு தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் ஒதுக்கீடு. நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. ஆணையரின் பேனாவைப் பிடித்து நிறுத்தவோ நகர்த்தவோ கூடிய இடம் நிலைக்குழுதான். 2024-இல் இருந்த விதிப்படி 5 கோடி ரூபாயைத் தாண்டும் ஒப்பந்தங்கள், மனைப்பிரிவுகளின் வரைபடங்கள் ஆகியவை அதன் ஒப்புதலின்றி நகர முடியாதவையாக இருந்தன. ஆண்டுதோறும் டிசம்பர் 10-ஆம் தேதிக்குள் ஆணையர் தமது வரவு-செலவுத் திட்டத்தை அக்குழுவின் முன்தான் வைக்க வேண்டும். தில்லி அரசியல்வாதிகள் மேயர் பதவியைக் கௌரவத்துக்கும் நிலைக்குழுத் தலைவர் பதவியைக் காரியத்துக்கும் விரும்புவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

மாமன்றம், நிலைக்குழு, ஆணையர் என்ற இந்த அமைப்பின் வேர் 1888-ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தில் இருக்கிறது. பெரிய அவை நாள்தோறும் கூட முடியாது. தனியொரு அதிகாரியிடம் கருவூலத்தைக் கட்டுப்பாடின்றி விடவும் முடியாது. எனவே இடையில் ஒரு சிறு குழு. இந்த ஏற்பாட்டில் சமநிலை உண்டு. ஆனால் இடையிலுள்ள குழு பிறக்காமலேயே போனால் என்ன செய்வது என்று அன்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தில்லி மாநகராட்சி 1958 ஏப்ரலில் உருவானபோது அதன் குழுக்களின் பொறுப்புகள் இன்று இருப்பதைவிட விரிந்தவை. அருணா ஆசஃப் அலி முதல் மேயராக இருந்த அந்த மாநகராட்சியில் நிலைக்குழுவுடன் மின்சாரம், போக்குவரத்து, குடிநீர் மற்றும் கழிவுநீர் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குழுக்கள் சட்டப்படியே இருந்தன. பின்னர் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1971-இல் பேருந்துப் போக்குவரத்து தனிக் கழகத்துக்குச் சென்றது. 1997-இல் மின்சாரம் தனி வாரியமானது. 1998-இல் குடிநீர் வாரியம் பிரிந்தது. மிஞ்சியவை தூய்மைப் பணி, தொடக்கக் கல்வி, மருத்துவமனைகள் சில, கட்டட அனுமதி, சொத்து வரி முதலியவை.

2012-இல் ஷீலா தீட்சித் ஆட்சியில் மாநகராட்சி வடக்கு, தெற்கு, கிழக்கு என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. மூன்று மேயர்கள், மூன்று ஆணையர்கள், மூன்று நிலைக்குழுக்கள். வருவாய் மிகுந்த தெற்கு ஓரளவு தாக்குப்பிடிக்க, கிழக்கில் துப்புரவுத் தொழிலாளர்கள் சம்பளத்துக்காகத் திரும்பத் திரும்ப வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. பத்தாண்டுகளில் அந்தச் சோதனை முடிவுக்கு வந்தது. 2022 ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தின் மூலம் மூன்றும் மீண்டும் ஒன்றாயின. வார்டுகளின் எண்ணிக்கை 272-இலிருந்து 250 ஆகக் குறைந்தது. அப்போதைய விவாதத்தில் செலவுச் சிக்கனம் பற்றியே அதிகம் பேசப்பட்டது. சட்டத்தின் பல இடங்களில் தில்லி அரசு என்றிருந்தது மத்திய அரசு என மாற்றப்பட்டதற்குக் கிடைத்த கவனம் குறைவு.

முதல் கூட்டத்திலேயே மோதல்: 2022 டிசம்பர் 4-ஆம் தேதி நடந்த தேர்தலில் ஆம் ஆத்மி கட்சி 134 இடங்களையும் பாஜக 104 இடங்களையும் காங்கிரஸ் 9 இடங்களையும் பெற்றன. மூன்று சுயேச்சைகள் வென்றனர். பதினைந்து ஆண்டுக்கால பாஜக நிர்வாகம் முடிவுக்கு வந்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணினர்.

ஆனால் 2023 ஜனவரி முதல் வாரத்தில் துணைநிலை ஆளுநர் வி.கே. சக்சேனா, தில்லி அமைச்சரவையின் பரிந்துரையின்றிப் பத்து நியமன உறுப்பினர்களை அறிவித்தார். ஜனவரி 6-இல் கூடிய முதல் கூட்டத்தில் அவர்களுக்கே முதலில் பதவிப் பிரமாணம் செய்து வைக்கப்பட்டதும் கைகலப்பு மூண்டது. ஜனவரி 24, பிப்ரவரி 6 ஆகிய நாள்களிலும் மேயர் தேர்தல் நடக்கவில்லை. நியமன உறுப்பினர்களுக்கு மாநகராட்சிக் கூட்டங்களில் வாக்குரிமை இல்லை என அரசமைப்புச் சட்டத்தின் 243-ஆர் பிரிவு கூறுவதைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 17-இல் உத்தரவிட்ட பிறகே பிப்ரவரி 22-இல் தேர்தல் நடந்தது. மாமன்ற உறுப்பினர்களுடன் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்கள் சிலரும் வாக்களித்த அத்தேர்தலில் ஆம் ஆத்மியின் ஷெல்லி ஓபராய் 150 வாக்குகள் பெற்று மேயரானார். 116 வாக்குகள் பெற்றுத் தோற்ற பாஜக வேட்பாளர் ரேகா குப்தா, 2025 பிப்ரவரியில் தில்லியின் முதல்வரானார்.

மேயர் கிடைத்துவிட்டார். நிலைக்குழு கிடைக்கவில்லை. பதினெட்டு உறுப்பினர்களில் ஆறு பேரை மாமன்றமும், எஞ்சிய பன்னிரண்டு பேரை மண்டலத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு வார்டு குழுக்களும் தேர்ந்தெடுக்க வேண்டும். மாமன்றத்துக்கான ஆறு இடங்களுக்கு ஏழு பேர் போட்டியிட்டனர். பிப்ரவரி 22 இரவு முழுவதும் அவையில் தண்ணீர்ப் பாட்டில்கள் பறந்தன. 24-ஆம் தேதி வாக்குப்பதிவு முடிந்து எண்ணும்போது ஒரு வாக்கைச் செல்லாது என மேயர் அறிவிக்க, மீண்டும் ரகளை. மறுதேர்தல் நடத்த மேயர் எடுத்த முடிவை உயர் நீதிமன்றம் முதலில் நிறுத்திவைத்து, மே 23-இல் ரத்து செய்தது. முடிவில் இரு கட்சிகளுக்கும் மூன்று மூன்று இடங்கள்.

எனவே முழுப் போட்டியும் மண்டலங்களுக்கு மாறியது. இங்கேதான் நியமன உறுப்பினர்களின் முக்கியத்துவம் வெளிப்பட்டது. மாமன்றத்தில் வாக்களிக்க இயலாத அவர்கள், தில்லி சட்டத்தின்படி வார்டு குழுத் தேர்தலில் வாக்களிக்கலாம். பத்துப் பேரையும் பன்னிரண்டு மண்டலங்களுக்கும் பரவலாகப் பிரித்துத் தரவில்லை. ஆம் ஆத்மி முன்னிலையில் இருந்த சிவில் லைன்ஸ், நரேலா, மத்திய மண்டலம் ஆகிய மூன்றில் குவித்திருந்தனர். தேர்தல் முடிவின்படி எட்டு மண்டலங்களில் ஆம் ஆத்மியின் கை ஓங்கியிருந்தது. இந்த ஏற்பாட்டுக்குப் பின் அது ஐந்தாகக் குறையும் என்பதைக் கணக்கறிந்த எவரும் சொல்லிவிடலாம்.

ஆம் ஆத்மி அரசு நியமனத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. வாதங்கள் 2023 மே மாதத்தில் முடிந்தன. தீர்ப்பு வந்தது 2024 ஆகஸ்ட் 5-இல். நியமன அதிகாரம் மாநகராட்சிச் சட்டமே துணைநிலை ஆளுநருக்கு அளித்தது என்பதால் அமைச்சரவையின் ஆலோசனை தேவையில்லை என நீதிமன்றம் கூறிவிட்டது. இடைப்பட்ட பதினான்கு மாதங்களுக்கும் மேலாக வார்டு குழுக்களும் இல்லை. அதனால் நிலைக்குழுவும் இல்லை. வழக்கு நிலுவையில் இருப்பதையே மேயர் தரப்பு காரணமாகக் காட்டியது. நிலைக்குழு அமையும் வரை அதன் பணிகளை மாமன்றமே ஆற்ற அனுமதி கோரியும் மேயர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தம் கையில் வராத குழுவைவிடக் குழுவே இல்லாதிருப்பது மேல் என்று ஆளும் தரப்பு எண்ணியதாகப் பாஜக குற்றம்சாட்டியது. அது முற்றிலும் ஆதாரமற்ற குற்றச்சாட்டு என்று சொல்ல முடியாது. அதேசமயம், வாக்காளர்கள் எட்டு மண்டலங்களில் தந்த தீர்ப்பை நியமனத்தின் மூலம் ஐந்தாக்கியவர்கள் யார் என்ற கேள்விக்கு அக்கட்சியிடம் பதில் இல்லை.

2024 செப்டம்பர் 4-இல் வார்டு குழுத் தேர்தல் நடந்தது. தேர்தலை நடத்தும் அதிகாரிகளை நியமிக்க மேயர் மறுத்ததால், மண்டலத் துணை ஆணையர்களே அப்பொறுப்பை ஏற்கத் துணைநிலை ஆளுநர் உத்தரவிட்டார். கடைசி நேரக் கட்சித் தாவல்களும் சேர்ந்துகொள்ள, எதிர்பார்த்தபடியே பாஜக 7, ஆம் ஆத்மி 5.

இப்போது பாஜகவிடம் ஒன்பது, ஆம் ஆத்மியிடம் எட்டு. எஞ்சியது ஒரே ஓர் இடம். மக்களவைக்குத் தேர்வான பாஜகவின் கமல்ஜீத் செராவத் விட்டுச் சென்ற இடம் அது. மாமன்றத்தில் அன்று கூடுதல் பலம் பெற்றிருந்த ஆம் ஆத்மி அதை வென்றிருந்தால் கணக்கு ஒன்பதுக்கு ஒன்பது. செப்டம்பர் 26-இல் உறுப்பினர்கள் கைப்பேசிகளை வெளியில் வைத்துவிட்டு வரவேண்டும் என்ற கட்டுப்பாட்டை எதிர்த்து அவையில் பிரச்னை எழ, மேயர் கூட்டத்தை அக்டோபர் 5-க்கு ஒத்திவைத்தார். ஆனால் துணைநிலை ஆளுநரின் உத்தரவின் பேரில் மறுநாளே கூடுதல் ஆணையர் ஒருவர் தலைமையில் தேர்தல் நடந்தது. ஆம் ஆத்மியும் காங்கிரஸும் புறக்கணித்தன. பாஜகவின் சுந்தர் சிங் 115 வாக்குகள் பெற்றார். எதிர்த்தவருக்கு ஒரு வாக்கும் இல்லை. சட்டத்தின் 487-ஆவது பிரிவைப் பயன்படுத்தி மேயரைத் தாண்டித் தேர்தல் நடத்த இத்தனை அவசரம் ஏன் என உச்ச நீதிமன்றம் அக்டோபர் 4-இல் கேட்டதுடன், நிலைக்குழுத் தலைவர் தேர்தலை நடத்த வேண்டாம் என்றும் தெரிவித்தது. மீண்டும் தேக்கம்.

இதற்கிடையே நகரத்தின் கோப்புகள் காத்திருந்தன. நாளொன்றுக்குச் சுமார் 11,000 டன் குப்பை சேரும் தில்லியில் ஏறக்குறைய 3,000 டன் பதப்படுத்தப்படாமலே எஞ்சுகிறது என்ற விவரம் 2024-இல் உச்ச நீதிமன்றத்தைத் திடுக்கிட வைத்தது. காஜிப்பூர், பல்ஸ்வா, ஓக்லா குப்பை மலைகளைக் கரைப்பதாக வாக்குறுதி தந்துதான் எல்லாக் கட்சிகளும் தேர்தலைச் சந்தித்தன. நரேலா-பவானாவில் அமைக்கத் திட்டமிட்ட, குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலை உள்பட பெரிய ஒப்பந்தங்கள் 5 கோடி ரூபாய் வரம்பில் முட்டி நின்றன. வரவு-செலவுத் திட்டம்கூட 2023 டிசம்பரில் நிலைக்குழுவைக் காணாமல் நேரே மாமன்றத்துக்குச் சென்றது. நிலைக்குழுவுக்குத் துணையான கல்விக் குழு முதலிய சிறப்புக் குழுக்களும் அமையவில்லை.

கொல்கத்தாவில் இத்தகைய முட்டுக்கட்டைக்கு வாய்ப்புக் குறைவு. அங்கு 1980-ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாக அதிகாரத்தை மேயரும் அவர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களும் கொண்ட குழுவிடம் ஒப்படைத்திருக்கிறது. பெரும்பான்மை பெற்ற கட்சி ஆள்கிறது, தவறினால் அதுவே பதில் சொல்கிறது. தில்லியில் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதே தெளிவாக இல்லை. குப்பை அள்ளப்படாத தெருவில் நிற்கும் குடிமகனுக்கு மேயர் துணைநிலை ஆளுநரைக் காட்டினார். பாஜக மேயரைக் காட்டியது. ஆணையர் சட்டப் புத்தகத்தைக் காட்டினார்.

முடிச்சு அவிழ்ந்தது சட்டத்தால் அல்ல, தேர்தலால். 2025 பிப்ரவரியில் தில்லி சட்டப்பேரவையை பாஜக கைப்பற்றியது. மாமன்றத்திலும் அணி மாற்றங்கள் தொடர்ந்தன. ஏப்ரல் 25-இல் நடந்த மேயர் தேர்தலை ஆம் ஆத்மி புறக்கணிக்க, பாஜகவின் ராஜா இக்பால் சிங் 133 வாக்குகளுடன் வென்றார். மே மாதத்தில் ஆம் ஆத்மி உறுப்பினர்கள் 15 பேர் விலகித் தனிக் கட்சி கண்டனர். 2025 ஜூன் 12-இல் நிலைக்குழுத் தலைவராக பாஜகவின் சத்யா சர்மா, 7-க்கு எதிராக 11 வாக்குகள் பெற்றுத் தேர்வானார். 2023 ஜனவரி 6-ஆம் தேதிய அந்த முதல் கூட்டத்துக்குத் தற்காலிகத் தலைமை வகிக்கத் துணைநிலை ஆளுநர் நியமித்தவரும் இவர்தான். துணைத் தலைவராகத் தேர்வானவர் அந்த 115 வாக்கு சுந்தர் சிங்.

குழு அமைந்துவிட்டது. அது அமைந்த விதம் மட்டும் சட்டத்தில் ஓர் ஓட்டையை எல்லோருக்கும் காட்டிவிட்டது. மாநகராட்சியில் வாக்குரிமை இல்லாத பத்துப் பேரை ஒரே மண்டலத்தில் நான்கு, இரண்டு எனச் சேர்த்து நியமிக்கலாம். அவர்களைக் கொண்டு மண்டலத்தைப் பிடிக்கலாம். மண்டலத்தின் வழியே கருவூலத்தையும் பிடிக்கலாம். 1993-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் வார்டு குழுக்களை உருவாக்கச் சொன்னது, நிர்வாகத்தை மக்களின் தெருவுக்கு அருகில் கொண்டுவருவதற்காக. நியமன உறுப்பினர்களாகச் சேர்க்கச் சொன்னது, நகர நிர்வாகத்தில் தனி அறிவும் அனுபவமும் உள்ளவர்களை.

2023 ஏப்ரலில் தில்லி மாநகராட்சிப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, நிலைக்குழுவுக்குத் தலைவர் கிடைத்த 2025 ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு வந்திருக்கும்.