கற்பனையில் தின்ற மிட்டாய்

ஒரு தின்பண்டத்தை நினைத்தாலே நாக்கில் நீர் ஊறும், ஆசையும் கூடும். அதையே ஒவ்வொன்றாக மென்று விழுங்குவதாகப் பலமுறை கற்பனை செய்தால் நடப்பது வேறு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை எழுதினர். 30 சாக்லேட் மிட்டாய்களைத் தின்பதாகக் கற்பனை செய்தவர்கள், 3 மட்டும் தின்பதாக நினைத்தவர்களைவிடப் பிறகு உண்மையிலேயே குறைவாகத் தின்றனர். மிட்டாய்களைக் கிண்ணத்தில் போடுவதாக மட்டும் நினைத்தவர்களிடம் இந்தக் குறைவு இல்லை. சீஸ் துண்டுகளிலும் அதே விளைவு தெரிந்தது. ஆனால் மிட்டாயைக் கற்பனை செய்தவர்கள் சீஸைக் குறைத்துக்கொள்ளவில்லை. வயிற்றில் எதுவும் சேரவில்லை, சுவையின் மீதான விருப்பமும் மாறவில்லை. இன்னும் வேண்டும் என்ற உந்துதல் மட்டும் தளர்ந்தது என்பதுதான் பெரிய வியப்பு. தொடர்ந்து உண்ணும்போது அந்தப் பண்டம் பழகிப்போய் ஈர்ப்பு குறைவதுபோல, விரிவான கற்பனையிலும் அது பழகிவிடுகிறது.