டெலிகாம் கம்பெனியில் முதல் வேலை: 6 லட்சம் சிடிசி-யில் உங்க கைக்கு வருவது எவ்வளவு?



கேம்பஸ் இன்டர்வியூ முடிஞ்சு, ஒரு பெரிய டெலிகாம் கம்பெனியில இருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. பேரைச் சொன்னாலே எல்லாருக்கும் தெரியுற கம்பெனி. அப்பா சொந்தக்காரங்களுக்கு எல்லாம் போன் போட்டு "பையனுக்கு ஆறு லட்சம் பேக்கேஜ்"னு சொல்லிட்டாரு. உங்க மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடுது: ஆறு லட்சத்தை 12-ஆல வகுத்தா மாசம் 50,000.

அந்த 50,000-ஐ நம்பி பைக் லோனுக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிடுங்க.

50,000 எப்படி 36,800 ஆகுது?

சிடிசி-ங்கிறது உங்க சம்பளம் இல்லை. உங்களை வேலைக்கு வெச்சிருக்க கம்பெனிக்கு ஆகிற மொத்தச் செலவு. ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். உங்க பேசிக் சம்பளம் சிடிசி-யில பாதி, அதாவது மாசம் 25,000-னு வெச்சுக்கோங்க.

- கம்பெனி உங்க பிஎஃப்-ல போடற 12 சதவீதம்: வருஷம் 36,000
- கிராஜுவிட்டி (பேசிக்ல 4.81 சதவீதம்): 14,430
- வேரியபிள் பே (சிடிசி-யில 10 சதவீதம்): 60,000
- குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியம்: 9,570

மொத்தம் 1,20,000. இது எதுவும் மாசாமாசம் கைக்கு வராது. மீதி 4,80,000-ஐ 12-ஆல வகுத்தா 40,000. அதுல உங்க பங்கு பிஎஃப் 3,000 பிடிப்பாங்க. தொழில் வரி வருஷத்துக்கு அதிகபட்சம் 2,500-தான், மாசக் கணக்குல சுமார் 200. ஆக, பேங்க் அக்கவுண்ட்ல விழறது ஏறத்தாழ 36,800.

வருமான வரி? 2025-26 நிதியாண்டு விதிப்படி, புதிய வரி முறையில 12.75 லட்சம் வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு வரி இல்லை. அந்தக் கவலை இப்போ வேண்டாம்.

கைக்கு வராத அந்தப் பணத்துல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. முதல் தடவையா பிஎஃப்-ல சேரும்போதே உங்க பேசிக் 15,000-க்கு மேல இருந்தா, இப்போதைய விதிப்படி கம்பெனி பங்குல பென்ஷனுக்குன்னு எதுவும் பிரியாது. உங்க 3,000, கம்பெனியோட 3,000 ரெண்டும் பிஎஃப் கணக்குக்கே போகும். வருஷத்துக்கு 72,000, அதுக்கு வட்டி வேற. சில கம்பெனிகள் 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்குப் போட்டு 1,800-தான் கட்டுவாங்க. உங்க கம்பெனி எப்படின்னு ஹெச்.ஆர்-கிட்ட கேளுங்க.

கிராஜுவிட்டி வேற கதை. நிரந்தர வேலையில இருக்கிறவங்க பொதுவா 5 வருஷம் முடிச்சாத்தான் வரும். ரெண்டே வருஷத்துல மாறிட்டா, சிடிசி-யில காட்டின அந்த 14,430 உங்களுக்கு இல்லை.

லெட்டர்ஹெட்ல யார் பேர் இருக்கு?

டெலிகாம் துறையில இதை முதல்ல பார்க்கணும். 2004-லயே ஏர்டெல் நெட்வொர்க் பராமரிப்பை எரிக்சன்கிட்டயும், ஐ.டி. வேலையை ஐ.பி.எம்-கிட்டயும் கொடுத்தது. அதுக்கப்புறம் வெளி நிறுவனத்தை வெச்சு வேலை வாங்கறது இந்தத் துறையில சகஜமாகிடுச்சு. டவர் வேலை, கஸ்டமர் கேர், கடைகளுக்குப் போற சேல்ஸ் வேலைன்னு நிறைய இடத்துல, சட்டையில ஒரு கம்பெனி லோகோ இருக்கும், சம்பளம் போடறது இன்னொரு கம்பெனியா இருக்கும்.

ஆன்-ரோல், ஆஃப்-ரோல்னு இதைச் சொல்வாங்க. ஆஃப்-ரோல் வேலை கேவலம் இல்லை, அனுபவம் அனுபவம்தான். ஆனா இன்சூரன்ஸ், பதவி உயர்வு, வேலை நிலைப்பு எல்லாம் வேற மாதிரி இருக்கும். அதனால லெட்டரை யார் கொடுத்திருக்காங்க, பிஎஃப் யார் கட்டறாங்க, இந்த ரெண்டையும் பாருங்க.

கையெழுத்துக்கு முன்னாடி நாலு கேள்வி

1. வேரியபிள் எப்போ வரும்? வருஷம் முடியறதுக்கு முன்னாடி வேலையை விட்டா கிடைக்குமா?
2. நோட்டீஸ் பீரியட் 30 நாளா, 90 நாளா? 90 நாள்னா அடுத்த கம்பெனி காத்திருக்கத் தயங்கும்.
3. ஜாயினிங் போனஸ், ஊர் மாறும் செலவு எல்லாம் கொடுத்தா, ஒரு வருஷத்துக்குள்ள விலகினா திருப்பிக் கேட்பாங்களா? டிரெய்னிங் பாண்ட் இருக்கா?
4. போஸ்டிங் எந்த ஊர்? நம்ம நாட்டுல டெலிகாம் 22 சர்க்கிளா பிரிஞ்சிருக்கு. சென்னையில இன்டர்வியூ நடந்ததால சென்னையிலேயே போஸ்டிங்னு அர்த்தம் இல்லை. வீட்டு வாடகை, அட்வான்ஸ் எல்லாம் அந்த ஊரைப் பொறுத்து மாறும்.

இன்னொண்ணு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கேட்டாலும் கொடுத்து வைக்காதீங்க. காட்டுங்க, சரிபார்க்கச் சொல்லுங்க, கையோட வாங்கிட்டு வந்திடுங்க.

பெரிய கம்பெனின்னா பயமே இல்லையா?

"பெரிய கம்பெனிப்பா, ரிட்டயர் ஆகிற வரைக்கும் கவலை இல்ல"ன்னு வீட்ல சொல்வாங்க. இந்தத் துறையோட வரலாறு அப்படிச் சொல்லலை.

2012 பிப்ரவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் 122 டூஜி உரிமங்களை ரத்து செஞ்சது. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்ததும் விலைப்போர் ஆரம்பிச்சது. 1999-ல தமிழ்நாட்டுல தொடங்கின ஏர்செல், ஒரு காலத்துல சென்னை சூப்பர் கிங்ஸ் ஜெர்சியில இருந்த பேரு, 2018-ல திவால் மனு போட்டுச்சு. சிக்னல் இல்லாம நம்ம மக்கள் நம்பரை மாத்த வரிசையில நின்னது ஞாபகம் இருக்கும். அதே 2018 ஆகஸ்ட்ல வோடஃபோனும் ஐடியாவும் ஒண்ணா இணைஞ்சாங்க. அரசு நிறுவனமான பிஎஸ்என்எல்-ல 2020 ஜனவரி 31 அன்னைக்கு ஒரே நாள்ல சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வுல வெளியே போனாங்க.

இதைச் சொல்றது பயமுறுத்த இல்லை. இது நல்ல துறைதான், கத்துக்க நிறைய இருக்கு. ஆனா கம்பெனி பெருசா இருக்கிறது கம்பெனிக்குப் பாதுகாப்பு. உங்களுக்கான பாதுகாப்பை நீங்கதான் கட்டிக்கணும்.

முதல் 18 மாசம்: ஒரே ஒரு இலக்கு

36,800-ஐ இப்படிப் பிரிச்சுப் பாருங்க. ரூம் வாடகை 10,000. சாப்பாடு, பஸ், இதர செலவு 9,000. வீட்டுக்கு 6,000. கல்விக் கடனுக்கு 5,000. மொத்தம் 30,000. மிச்சம் 6,800.

கட்டாயச் செலவு மாசம் 30,000-னா, ஆறு மாசத்துக்கு 1,80,000 கையில இருக்கணும். இதுதான் அவசர நிதி. மாசம் 6,800 வீதம் 18 மாசத்துல 1,22,400 சேரும். நடுவுல வேரியபிள் 60,000 முழுசா வந்து, அதைத் தொடாம அப்படியே போட்டா 1,82,400. இலக்கு முடிஞ்சது! வேரியபிள் குறைஞ்சா இன்னும் சில மாசம் கூட ஆகும், அவ்வளவுதான். ஷேர் மார்க்கெட், கிரிப்டோ எல்லாம் அதுக்கப்புறம். இந்தப் பணம் எஃப்.டி-யிலயோ ஆர்.டி-யிலயோ இருந்தாப் போதும்.

கல்விக் கடன் எடுத்தவங்க கவனிங்க: பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம்னு பேங்க் சொல்லும். ஆனா வட்டி ஓடிட்டேதான் இருக்கும். முதல் சம்பளத்துல இருந்தே வட்டியையாவது கட்ட ஆரம்பிச்சா, பின்னாடி இஎம்ஐ சுமை குறையும்.

அப்பா அம்மாவை கம்பெனி இன்சூரன்ஸ்ல சேர்க்க முடிஞ்சா சேர்த்திடுங்க. ஆனா வேலையை விட்டா அந்த கவரேஜும் போயிடும். அதனால அவங்களுக்குத் தனியா ஒரு பாலிசி எடுக்கிறது இலக்குப் பட்டியல்ல ரெண்டாவது.

வேலை மாறினாலும் கூட வர்றது எது?

யூஏஎன் நம்பர் கூட வரும். வேலை மாறும்போது பிஎஃப்-ஐ அதே யூஏஎன்-க்கு மாத்துங்க. 5 வருஷ தொடர் சர்வீஸ் முடியாம எடுத்தா வரி வரலாம், அதைவிட முக்கியம், சேமிப்பு கரைஞ்சிடும்.

இன்னொண்ணு, உங்க திறமை. கம்பெனிக்குள்ள மட்டும் ஓடற ஒரு சாஃப்ட்வேர்ல நீங்க கில்லாடியா இருந்தாலும், வெளியே அதுக்கு மதிப்பு கம்மி. நெட்வொர்க் பக்கம்னா 5ஜி கோர், டிரான்ஸ்மிஷன், சிசிஎன்ஏ மாதிரி சான்றிதழ். சேல்ஸ் பக்கம்னா டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கு, டேட்டா அனலிசிஸ். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் விலைபோற ஒண்ணை முதல் வருஷத்துலயே பிடிச்சுக்கோங்க.

கையில ஆறு மாசச் செலவும், வெளியே மதிப்புள்ள ஒரு திறமையும் இருந்தா, மேனேஜர் கூப்பிட்டு "டீம்ல மாற்றம் வருது"ன்னு சொல்ற அன்னைக்கும் உங்களுக்குத் தூக்கம் வரும்.

உங்க ஆஃபர் லெட்டர்ல புரியாத வரி இருந்தா, கம்பெனி பேரையும் உங்க சொந்த விவரங்களையும் எடுத்துட்டு கமெண்ட்ல போடுங்க. நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுல சேர்ந்து பிரிச்சுப் பார்ப்போம். இந்த வருஷம் வேலைக்குச் சேரப் போற ஒரு நண்பருக்கு இதை அனுப்பி வைங்க. முதல் சம்பளத்துக்கு வாழ்த்துகள்!