ஒடிசியஸின் பயணச் செலவு

ட்ராய் நகரம் இருந்ததாகக் கருதப்படும் ஹிசார்லிக் மேட்டிலிருந்து இத்தாக்கா தீவுக்கு வான்வழியே ஏறக்குறைய 500 கி.மீ. போர் முடிந்து அங்கிருந்து வீடு சேர ஒடிசியஸுக்கு 10 ஆண்டு ஆயிற்று என்கிறது ஹோமரின் ‘ஒடிசி’. உலகம் சுற்ற ஆசைப்படும் என்னைப் போன்றவர்களுக்கு அவன்தான் ஆதர்சம். ஆனால் அந்தக் காவியம் நாட்களுக்கும் ஆட்களுக்கும் ஆடுமாடுகளுக்கும்கூட எண் சொல்கிறது. அதையெல்லாம் கூட்டிப் பார்த்தபின் அவன்மேல் எனக்கிருந்த பொறாமை போய்விட்டது.

முதலில் நாட்கள். தேவதை கலிப்சோவின் தீவில் 7 ஆண்டு. மாயக்காரி கிர்க்கேயின் மாளிகையில் விருந்துண்டபடி 1 ஆண்டு. காற்றுகளின் காவலன் ஐயோலஸிடம் ஒரு மாதம், எதிர்க்காற்றில் சிக்கிக் கதிரவனின் தீவில் இன்னொரு மாதம். கடலில்? லோட்டஸ் தின்போர் கரைவரை காற்று அடித்துப் போனது 9 நாள். ஐயோலஸிடமிருந்து ஊர் கண்ணில் படும்வரை 9. லேஸ்ட்ரிகோனியர் துறைமுகத்துக்குத் துடுப்புப் போட்டது 6. கப்பல் உடைந்து கட்டையில் மிதந்தது 9. 20 மரம் வெட்டி 4 நாளில் தானே கட்டிய தெப்பத்தில் 17. அதுவும் சிதறியபின் நீந்தியது 2. ஃபயேசியர் கப்பலில் கடைசியாக ஓர் இரவு. மொத்தம் 53. நாள் சொல்லாத ஓட்டங்களைச் சேர்த்தாலும் சில மாதங்களுக்கு மேல் போகாது. 1985-இல் கடலோடி டிம் செவரின் 54 அடி நீள, 20 துடுப்புப் படகில் ட்ராயிலிருந்து இத்தாக்காவுக்குப் போய்க் காட்டினார். தூரம் பெரிய செலவே இல்லை.

ஆட்கணக்குதான் மனசை உலுக்குகிறது. ஒடிசியஸின் கப்பல்கள் 12. கப்பலுக்கு எத்தனை பேர் என்று கவிஞர் நேராகச் சொல்லவில்லை. துப்பு மட்டும் தருகிறார். கிர்க்கேயின் தீவில், மிஞ்சிய ஒரே கப்பலின் ஆட்கள் இரண்டு அணியாகப் பிரிகிறார்கள். ஓர் அணிக்குத் தலைவனான யூரிலோக்கஸோடு போவது 22 பேர். இரண்டும் சம அணி என்றால் தலைவர்கள் உட்பட 46. அதற்கு முன்பே இஸ்மாரஸ் ஊர்ச் சண்டையில் கப்பலுக்கு 6 பேர் வீதம் 72 பேர் மாண்டுபோனார்கள். ஒடிசியஸின் கப்பல்காரர்களில் 6 பேரை, வேளைக்கு 2 பேராக, ஒற்றைக்கண் சைக்ளோப்ஸ் தின்று தீர்த்தான். ஆக, கிளம்பும்போது அந்தக் கப்பலில் குறைந்தது 58 பேர். 12 கப்பலுக்கு ஏறக்குறைய 700.

லேஸ்ட்ரிகோனியர் துறைமுகத்தில் 11 கப்பல்கள் உள்ளே போய்க் கட்டின. ஒடிசியஸ் மட்டும் வாய்ப்பகுதிக்கு வெளியே கட்டினான். லேஸ்ட்ரிகோனிய அரக்கர்கள் எறிந்த பாறைமழையில் உள்ளே இருந்த 11 கப்பலும் போயின. என் கணக்கில் சுமார் 570 உயிர். தலைவன் மற்றவர்களையும் வெளியே நிறுத்தியிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. பிறகு கூரையிலிருந்து விழுந்த எல்பெனோர் 1, கடல் அரக்கி சில்லா கவ்வியது 6, கடைசிக் கப்பல்மேல் விழுந்த இடியில் மீதி 38. வீடு சேர்ந்தது 1.

வீட்டில் ஆன செலவு தனி. அவன் மனைவி பெனெலோப்பியை மணக்க வந்து உட்கார்ந்தவர்கள் டுலிக்கியம் 52, சாமே 24, ஜாக்கிந்தோஸ் 20, இத்தாக்கா 12, ஆக 108 பேர். 3 ஆண்டுக்கும் மேலாகச் சாப்பாடு அந்த வீட்டில்தான். பன்றிக்காரன் யூமேயஸின் பட்டியைக் கவிஞர் கிட்டே நின்று காட்டுகிறார்: 12 தொழுவம், தொழுவத்துக்கு 50 பெண் பன்றி, மொத்தம் 600. வெளியே படுக்கும் ஆண் பன்றிகள் 360தான்; அவற்றில் கொழுத்தது நாளுக்கொன்று விருந்துக்குப் போகிறது. முடிவில் அந்த 108 பேரும் கொல்லப்படுகிறார்கள். ஒருவன் வீடு திரும்ப, இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 800 உயிர்.

இன்று நான் இத்தாக்காவுக்குப் போக ஆகும் செலவு எழுதக்கூடியதுதான். 36 பக்கப் பாஸ்போர்ட் 1,500 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஷெங்கன் விசா 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். 180 நாளில் 90 நாள்வரை தங்கலாம். இத்தாக்காவில் விமான நிலையம் கிடையாது. கெஃபலோனியாவின் சாமியிலிருந்து படகு பிடிக்க வேண்டும்.

இவற்றோடு நானாகச் சேர்த்த வரிகளும் உண்டு: நான் இல்லாத நாட்களில் அம்மாவின் மாத்திரையை எடுத்துக்கொடுப்பது யார், என் அலுவலக வேலையைத் தலையில் சுமப்பது யார், அவர்களுக்கு நான் எதை ஈடாகச் செய்வது. இந்த வரிகளுக்கு எதிரே பெயர் எழுதி, அவர்களும் சரி என்று சொன்ன பிறகுதான் டிக்கெட் விலை பார்ப்பேன்.