துரை நின்ற மேட்டில் ட்ரைபாட்

கொடுமுடிப் பக்கம் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால், காவிரிப் படித்துறைக்கு அடுத்த பக்கத்திலேயே வால்பாறை வந்துவிடுகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து நிற்க, பின்னால் தேயிலைப் பச்சை அலையலையாக இறங்குகிறது. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி எடுத்த படம். நன்றாகத்தான் இருக்கிறது.

படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்று மட்டும் பாருங்கள். அநேகமாக ஒரு மேட்டில். அந்தக் காலத்துத் தோட்டங்களில் மேட்டில் துரை பங்களா இருக்கும். கீழே, சரிவின் மடிப்பில், கூலியாட்களின் லைன் வீடுகள். யார் கொழுந்தெடுக்கும் நிரையில் நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை என்று கண்காணிக்கத் தோதான இடத்தை நாம் இன்று ‘வியூ பாயின்ட்’ என்கிறோம். 9ஆவது வளைவுக்கு லோம்ஸ் வியூ என்றே பெயர்; மலைப்பாதை போட்ட வெள்ளைக்கார எஞ்சினியர் லோம். தோட்டம் போட்ட கார்வர் மார்ஷுக்குக் கவர்க்கல்லில் சிலை இருக்கிறது. பாறை உடைத்தவர்கள் பெயரில் ஒரு வளைவுகூட இல்லை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே காடழித்துக் காப்பி வைத்தார்கள், பிறகு தேயிலை. ஆள் பிடிக்க மேஸ்திரிகள் திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளுக்குப் போனார்கள். பஞ்சத்தில் கிடந்தவர்கள், பெரும்பாலும் தலித்துகள், முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறினார்கள். மலேரியா கொன்றது. தப்பி ஓடவும் வழியில்லை: முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனால் 1859ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 மாதம் வரை சிறை. இதையெல்லாம் தோட்டத்து டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ‘ரெட் டீ’ என்று ஆங்கில நாவலாக எழுதினார். தமிழில் இரா. முருகவேளின் ‘எரியும் பனிக்காடு’. அதிலிருந்துதான் பாலாவின் ‘பரதேசி’ (2013). ஒளிப்பதிவாளர் செழியன் அந்தப் படத்தில் பச்சையை வடித்துவிட்டு எல்லாவற்றையும் மண் நிறத்துக்குக் கொண்டுவந்தார். தேயிலைக் காட்டைக் காட்டியும் பார்ப்பவரை உல்லாசப் பயணத்துக்குக் கிளம்பவிடாமல் செய்த படம் அது, சின்ன சாதனையல்ல.

வால்பாறைப் பக்கத்துப் புதுத்தோட்டத்துக்குச் சிங்கவால் குரங்கைத் தேடி பெரிய லென்ஸோடு வருபவர்கள் லைன் வீட்டையும் இரண்டு கிளிக் தட்டிவிட்டுப் போகிறார்கள். தூரத்திலிருந்து அது தீப்பெட்டி அடுக்கியதுபோல ஒரே மாதிரி. கிட்டே போனால்தான் ஒவ்வொரு வாசலும் தனி. ஒன்றில் டிஷ் ஆன்டெனா. அடுத்ததில், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படுதா ஈரம் சொட்டக் கொடியில் தொங்குகிறது. செடி உரசி உரசி அதன் முன்பக்கம் வெளுத்திருக்கும். பக்கத்திலேயே கொழுந்து வெட்டும் கத்தரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். பகலில் கதவு சாத்தியிருந்தால் ஆள் நிரையில் இருக்கிறார் என்று அர்த்தம். பழைய கட்டடம் என்று நினைத்து எட்டிப் பார்க்கக் கூடாது, அது ஒருவரின் சமையலறை.

மாலை 4 மணிக்கு மேல் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றால், சாக்கு இறக்கிய தோள்கள் கிடைக்கும். முகம் கிடைக்க, கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். திருநெல்வேலித் தமிழ் பேசிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். பல லைன்களில் இப்போது இருப்பவர்கள் ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் பெயரைக் கேட்கக் கேமராக்காரருக்குக் கொஞ்சம் இந்தி தேவைப்படும்.