பனி எழுதிய குறிப்பேடு

பனி என்றதும், மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியே தமிழ்நாட்டார் நினைவுக்கு வரும். இமயமலையில் வாழ்வோர்க்கோ, அது ஆளுயரத்திற்கும் மேலாகக் குவியும் வெண்பனி. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் அங்கே பனியைப் பொழிகின்றன. ஒவ்வொரு பொழிவும் முந்தையதன்மேல் ஓர் அடுக்காகப் படிகிறது. இவ்வடுக்குகளைப் படிக்கத் தெரிந்தவர்க்கு அவை அந்தக் குளிர்காலத்தின் குறிப்பேடு.

ஆய்வாளர்கள் தரை தட்டும்வரை பனியில் குழி தோண்டுவர். குழியின் ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கி, தூரிகையால் மெல்லத் துடைப்பர். அப்போது அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். அடியில் இருப்பது முதலில் பெய்தது. மேலே இருப்பது அண்மையில் பெய்தது. ஒவ்வோர் அடுக்கின் வெப்பநிலையையும் மணிகளின் வடிவையும் குறித்துக்கொள்வர். அதில் நுழைவது கைமுட்டியா, விரலா, பென்சிலா, கத்தியா என்று பார்த்துக் கடினத்தையும் அறிவர்.

கண்ணாடி போன்ற மெல்லிய, கடினமான அடுக்கு இருந்தால், மேற்பரப்பு வெயிலிலோ மழையிலோ நனைந்து, பின்னர் உறைந்தது என்று பொருள். பழுப்புநிறக் கோடு, புழுதிக்காற்று வீசியதைக் காட்டும். அடியில் சர்க்கரைப் பரல்போல் உதிரும் மணிகள் இருக்கலாம். பனி குறைந்த உயரமே படிந்திருந்தபோது கடுங்குளிர் நீடித்தது என்பதற்கு அவை சான்று. இம்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. இவற்றின்மேல் புதுப்பனி மிகுதியாகச் சேர்ந்தால், சுமை தாங்காமல் பனிச்சரிவு நேரலாம். அது ஊர்களையும் சாலைகளையும் மூடி, உயிர்களைப் பறிக்கும். பனியையும் பனிச்சரிவையும் ஆராய இந்திய அரசு 1969ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியது.

பனியின் உயரம் மட்டும் நீரின் அளவைச் சொல்லிவிடாது. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1000 கிலோகிராம். அதே அளவு புதுப்பனி ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையே இருக்கும். நாள்பட்டு இறுகிய பனி 300 கிலோகிராமுக்கு மேலும் இருக்கலாம். ஆகவே, ஒரு மீட்டர் உயரப் புதுப்பனி உருகினால் 10 சென்டிமீட்டர் நீரும், அதே உயர இறுகிய பனி உருகினால் 30 சென்டிமீட்டர் நீரும் கிடைக்கும். குழாயைப் பனியில் செருகி எடுத்து, எடை பார்த்து இதனைக் கணக்கிடுவர். சட்லெஜ் ஆற்றின் பக்ரா அணைக்குக் கோடையில் எவ்வளவு நீர் வரும் என்று முன்கூட்டியே மதிப்பிட இக்கணக்கு உதவும். அந்நீரை நம்பிப் பஞ்சாபிலும் அரியானாவிலும் இராசத்தானிலும் வயல்கள் உள்ளன.

வெயில் ஏறியதும் இக்குறிப்பேடு கரைந்து ஆற்றோடு போய்விடும். ஆகையால், அது கரையும் முன்னரே படித்து எழுதிவைத்தல் வேண்டும்.

சிந்தித்து விடை எழுதுக

1. குளிர்காலத் தொடக்கத்தில் பெய்த பனி எந்த அடுக்கில் இருக்கும்? ஏன்?
2. சர்க்கரைப் பரல் போன்ற அடுக்கு ஏன் ஆபத்தானது?
3. ஓரிடத்தில் இறுகிய பனி 2 மீட்டர் உயரம் உள்ளது. அதில் ஒரு கன மீட்டரின் எடை 300 கிலோகிராம். அது முழுதும் உருகினால் எத்தனை சென்டிமீட்டர் நீர் கிடைக்கும்?