கேள்விக்கு அஞ்சாத விசுவாசம்



சமயத்தைப் பற்றிக் கேள்வி கேட்பவனைச் சமயத்தின் பகைவன் என்று எண்ணும் வழக்கம் உலகெங்கும் உண்டு. நம்புகிறவன் ஏன் வாதிட வேண்டும், வாதிடுகிறவன் எவ்வாறு நம்புவான் என்று வினவுவோரும் பலர். கிறிஸ்தவ சமய வரலாற்றிலும் இவ்வினா பலமுறை எழுந்திருக்கிறது. திறந்த வாதம் விசுவாசத்தைக் குலைக்குமா, அல்லது அதற்கு உரமூட்டுமா? இங்கிலாந்தில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு இதற்கு விடை காண விரும்புகிறேன்.

1643ஆம் ஆண்டு. மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலம். அதிகாரிகளின் முன் அனுமதியின்றி எந்த நூலும் அச்சேறக் கூடாது என்று பாராளுமன்றம் ஆணையிட்டது. தவறான கொள்கைகள் பரவிவிடும் என்பது ஆள்வோரின் அச்சம். மறு ஆண்டு நவம்பரில், அந்த ஆணையை எதிர்த்து 'அரியோபஜிட்டிக்கா' என்ற சிறு நூலைக் கவிஞர் ஜான் மில்டன் வெளியிட்டார். அதையும் அனுமதி பெறாமலே வெளியிட்டார். அதன் பெயர் ஏதென்ஸ் நகரத்து அரியோபாகு மேடையை நினைவூட்டுவது. பவுல் அடிகள் கிரேக்கத் தத்துவ ஞானிகளின் முன் நின்று தம் விசுவாசத்தை எடுத்துரைத்ததாக விவிலியம் கூறும் இடமும் அதுவே. அன்று கேட்டவர்களில் சிலர் நகைத்தனர், சிலர் பிறகு கேட்போம் என்றனர், சிலர் நம்பினர்.

மில்டன் கடவுளை மறுத்தவர் அல்லர். பிற்காலத்தில் 'இழந்த சுவர்க்கம்' என்னும் காவியத்தை இயற்றிய ஆழ்ந்த கிறிஸ்தவர். அவருடைய வாதத்தின் சாரம் இது: சத்தியம் தன் வலிமையால் நிற்பது. பொய்யோடு நேருக்கு நேர் மோதவிட்டால் அது தோற்காது. அதற்குக் காவலர் தேவையில்லை. இன்னொன்றும் அவர் கூறினார். ஒருவன் உண்மையான கொள்கையையே கொண்டிருந்தாலும், போதகர் சொன்னார் என்ற ஒன்றுக்காக மட்டும் அதைக் கொண்டிருப்பானாயின், அவனுடைய நம்பிக்கை பழுதுடையதே.

ஆனால் மில்டனும் இச்சுதந்திரத்துக்கு ஒரு வேலி போட்டார். பிற சமயங்களையெல்லாம் வேரறுக்க முயல்வது என்று கூறி, கத்தோலிக்க சமயத்துக்கு அவர் இடமளிக்கவில்லை. பாராளுமன்றம் அவர் சொல்லை ஏற்கவில்லை. நூல்களுக்கு முன் அனுமதி பெறும் முறை இங்கிலாந்தில் 1695இல்தான் முடிவுற்றது.

இனி இரண்டாவது நிகழ்ச்சிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டில், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 'சாக்ரட்டீஸ் சங்கம்' தன் கூட்டங்களைத் தொடங்கியது. மாணவர்களிடையே சமயப் பணியாற்றிய ஸ்டெல்லா ஆல்டுவிங்கிள் அம்மையார் அதை நிறுவினார். இலக்கிய ஆசிரியரும் கிறிஸ்தவ எழுத்தாளருமான சி. எஸ். லூயிஸ் அதன் தலைவராக 1954 வரை விளங்கினார். கிறிஸ்தவர் ஒருவர் கட்டுரை படித்தால் நம்பிக்கையற்ற ஒருவர் மறுமொழி கூறுவார். சில நாள்களில் முறை மாறும். ஒத்த கருத்துடையோர் தமக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால், எதிர்க்கட்சியாரின் கருத்தை வதந்தியாகவே அறிவர் என்று லூயிஸ் கருதினார். ஆகவே திறமையுள்ள நாத்திகர்களைத் தேடிப்பிடித்து மேடைக்கு அழைத்தனர்.

1948 பிப்ரவரி 2ஆம் நாள் அம்மேடையில் லூயிஸே விசாரணைக்கு உள்ளானார். முந்திய ஆண்டு வெளியான 'அற்புதங்கள்' என்ற நூலில், இயற்கைக்கு அப்பால் ஒன்றுமில்லை என்ற கொள்கை தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் என்று அவர் வாதிட்டிருந்தார். அறிவற்ற காரணங்களால் மட்டுமே எண்ணங்கள் பிறக்குமாயின், எந்த எண்ணத்தையும், அந்தக் கொள்கை உட்பட, நம்ப இயலாது என்பது அவர் வாதம். அதைக் குறை கண்டவர் இருபத்தெட்டே வயதான தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கம். அவர் நாத்திகர் அல்லர். மில்டன் வேலிக்கு வெளியே நிறுத்திய கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்.

அவர் காட்டிய குறையைத் தமிழில் விளக்குவது எளிது. 'காய்ச்சலுக்குக் காரணம் கொசுக்கடி' என்கிறோம். 'நான் இதை நம்புவதற்குக் காரணம் இந்தச் சான்று' என்றும் சொல்கிறோம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. முன்னது விளைவை உண்டாக்குவது. பின்னது கருத்துக்கு ஆதாரமாவது. மூளையில் ஏதோ ஒரு நிகழ்ச்சியால் ஓர் எண்ணம் தோன்றியது என்பதனாலேயே, அதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்றாகிவிடாது. இவ்விரண்டையும் லூயிஸ் பிரித்துப் பார்க்கவில்லை என்றார் ஆன்ஸ்கம்.

அன்று லூயிஸ் மனம் தளர்ந்தார் என்று நண்பர் சிலர் கூறினர். ஆன்ஸ்கமின் நினைவு வேறாக இருந்தது. அவ்வேறுபாடு நமக்குப் பெரிதன்று. அதன் பின்னும் அவர் அச்சங்கத்தின் தலைவராகவே இருந்தார். நம்பிக்கையையும் கைவிடவில்லை, வாதமேடையையும் மூடவில்லை. 1960இல் வெளிவந்த திருத்திய பதிப்பில், குறை காணப்பட்ட அதிகாரத்தை, அவ்விரு பொருளையும் வேறுபடுத்தி, மாற்றி எழுதினார். 1981இல் ஆன்ஸ்கம், புதிய வடிவத்திலும் கேள்விகள் எஞ்சியிருப்பதாகச் சொன்னார். எனினும் அவ்வாறு திருத்தி எழுதியதே லூயிஸின் நேர்மையைக் காட்டுகிறது என்று பாராட்டினார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சத்தியம் மோதிய மாத்திரத்தில் வெல்லும் என்று நாம் எண்ணிவிடலாகாது. ஓர் இரவில் சாய்ந்த வாதத்தைச் செம்மைப்படுத்திப் பதிப்பிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. வாதம் சாய்ந்தால் அது தாங்க முயன்ற உண்மையும் சாய்ந்துவிடும் என்பதில்லை. தூணைக் கறையான் அரித்திருக்கிறது என்று காட்டுகிறவன் வீட்டை இடிக்கிறவன் அல்லன். அவன் வாயை அடைத்தால் கறையான்தான் வளரும்.

மில்டன் பேச இடம் மறுத்த சபையிலிருந்து வந்த ஒருவரே, பிறிதொரு சபைக் கிறிஸ்தவரின் வாதத்தைப் புடமிட்டார். பேச்சுரிமைக்கு எங்கே வேலி போடலாம் என்று ஆராய்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்கு வேண்டிய திருத்தம் வேலிக்கு அப்பாலிருந்தே வரக்கூடும்.

மாணவர்களே, உங்கள் சமயம் எதுவாயினும் ஆகுக. கேள்வி கேட்பவனைக் கண்டு சினம் எழுமானால், அந்தச் சினம் எங்கிருந்து பிறக்கிறது என்று முதலில் உங்களையே கேளுங்கள். உறுதியுள்ள நம்பிக்கை எதிரியை இருக்கையில் அமர்த்தி, அவன் சொல்லை முடியும்வரை கேட்கும், பிறகு தன் மறுமொழியைச் சொல்லும், பிழையிருப்பின் திருத்திக்கொள்ளும். அச்சமோ முதலில் கதவைத்தான் சாத்தும்.